தோணி தந்தவர்கள் துடுப்புக்கு மருந்தும் தரட்டும்

கிளிவெட்டியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வீட்டுக் கோடியில் சாத்திக் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி இம்முறை எழுத விரும்புகின்றேன். அது முறிந்த துடுப்பு. அதற்கு அருகே, வேம்பின் கீழோ வேலி ஓரத்திலோ, வெடித்துப்போன பைபர் தோணியொன்றும் பெரும்பாலும் கவிழ்ந்து கிடக்கும். கோழிகள் அதன் கீழே நிழலுக்கு ஒதுங்கும். பிள்ளைகள் அதன் மேலே ஏறி விளையாடுவார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், "அது பழுதாப் போச்சுது, இனி யாராவது புதுசு தந்தால்தான்" என்பார்.

இந்த "யாராவது தந்தால்தான்" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. தோணி பழுதானது சிறிய விடயம். பழுது பார்க்கும் எண்ணமே எம்மை விட்டுப் போவது சிறிய விடயமன்று.

கமக்காரனுக்குத் தோணி எதற்கு?

எமது வாசகர்களிற் பெரும்பாலானோர் கமக்காரர்கள். கமக்காரனுக்குத் துடுப்பைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இந்தப் பிரதேசத்து நிலத்தையும் நீரையும் அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஒரு பக்கம் மகாவலி கங்கை, இன்னொரு பக்கம் வெருகலாறு, முன்னாலே கொட்டியாரக் குடா, இடையிலே களப்புகளும் வாய்க்கால்களும் குளங்களும். மாரியில் வட்டைக்குப் போகவும், மாட்டுக்குப் புல் ஏற்றவும், வெட்டிய கதிரை மேட்டுக்குக் கொண்டுவரவும், வெள்ளாமை இல்லாத மாதங்களில் கறிக்கு நாலு மீன் பிடிக்கவும் தோணி வேண்டும். மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு கமக் கருவிதான்.

அத்தோடு எமது மக்களின் அண்மைக்கால வரலாறும் தோணியோடு பின்னியது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து, நாட்டின் மீன்பிடிக் கலங்களிற் பெரும்பகுதியை அழித்தது. அதன் பின் வந்த உதவிகளில் பைபர் படகுகளும் தோணிகளும் முதலிடம் பெற்றன. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்து மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு யூலையில் மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டு வயல்களுக்கு நீர் நின்றது, போர் மூண்டது. வாகரையும் மட்டக்களப்பும் அலைந்து, 2007 இல் திரும்பக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் பல, சொந்த ஊருக்குப் போக முடியாமல் கிளிவெட்டி முகாமிலும் அயலிலுள்ள முகாம்களிலும் தகரக் கொட்டில்களில் ஆண்டுக் கணக்காக இருந்தன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் சம்பூர்க் காணிகளிற் பெரும்பகுதி படிப்படியாக விடுபட்டது.

அந்த இடைக்காலத்தில் நிலம் இல்லாத கமக்காரன் என்ன செய்தான்? கூலிக்குப் போனான். கூலி இல்லாத நாளில் யாருடையதோ ஒரு தோணியை இரவல் வாங்கி வலை வீசினான். நிலம் கைவிட்ட காலத்தில் நீர் கைகொடுத்தது. உழவுத் தொழில் மட்டுமே தெரிந்திருந்த பலர் துடுப்புப் போடப் பழகியது அப்போதுதான்.

போர் ஓய்ந்த பின்பும் நீர் எம்மை விடவில்லை. 2011 யனவரி வெள்ளம் கிழக்கு மாகாணம் முழுவதையும் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டும் உடைப்பெடுக்க, மூதூர், வெருகல், சேருவில பிரதேசங்களின் தாழ்ந்த கிராமங்கள் நீருக்குள் போயின. ஒரு காலம் நீரில்லாமல் ஓடினோம். இன்னொரு காலம் நீர் துரத்த ஓடினோம். அவ்வாறான இரவில் முதலாவதாக வீட்டு வாசலுக்கு வரக்கூடியது அயலவனுடைய தோணிதான். பெரிய படகுகளும் ஹெலிகொப்டர்களும் அதற்குப் பிறகுதான் வரும். அந்தத் தோணி ஓட்டையாகவும் துடுப்பு முறிந்ததாகவும் இருந்தால், எட்டிய தூரத்தில் நிற்கும் கிழவியையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே துடுப்பைப் பற்றிப் பேசுவது உயிரைப் பற்றிப் பேசுவதாகும்.

இரண்டு தவறுகள்

பழுதான பைபர் பொருளை நாம் இரண்டு விதமாக நடத்துகின்றோம். ஒன்று, எறிந்து விடுகின்றோம். சிலர் கொளுத்தியும் விடுகின்றனர். அந்தக் கரும்புகை நச்சுப்புகை. எரிந்த பின் எஞ்சும் கண்ணாடி நார் காற்றிலும் மண்ணிலும் கலக்கும். மரம் உக்கி மண்ணாகும். பைபர் உக்காது. எறிந்தாலும் எம்மோடுதான் கிடக்கும்.

மற்றது, பூசி விடுகின்றோம். கடையில் கிடைத்த பசையை முறிவின் மேல் அப்பி, கயிற்றால் வரிந்து, "சரி, ஓடும்" என்று தண்ணீரில் இறக்குகின்றோம். இது எறிவதிலும் பார்க்க ஆபத்தானது. எறிந்த துடுப்பை எவரும் நம்பி ஏறுவதில்லை.

நான் கண்ட ஒன்றைச் சொல்லுகின்றேன். தோணி வேலையிற் கைதேர்ந்த ஒருவர், தண்டும் தட்டும் சேருமிடத்தில் முறிந்த பைபர் துடுப்பொன்றை ஒட்டினார். அதற்கென்று நல்ல இபொக்சி றெசின்தான் வாங்கியிருந்தார். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் பழகியது பொலியெஸ்ரர் றெசின். அந்தப் பழக்கத்தில், றெசினுக்குள் ஹாட்னரைத் துளித் துளியாக விட்டுக் கலக்கினார். இரண்டு நாளாகியும் ஒட்டு பிசுபிசுத்தது. வெயிலில் வைத்தார், மேலே காய்ந்தது போலத் தெரிந்தது. நாலாம் நாள் ஆற்று நடுவே, நீரோட்டத்தை எதிர்த்து வலித்தபோது, தட்டு கழன்று தண்ணீரோடு போனது. கையில் தண்டு மட்டும் மிஞ்சியது. கரையில் நின்றவர்கள் கயிறு எறிந்து இழுத்ததால் இரண்டு பேர் பிழைத்தார்கள்.

அவருடைய கைவேலையிற் குறையில்லை. பொருளும் நல்ல பொருள். குறை, அந்தப் பொருளின் தன்மையை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்காததில்தான். தோணி கொடுத்த நிறுவனம் பெயர்ப்பலகை நட்டது; பழுது பார்க்கும் முறையைச் சொல்லித்தரவில்லை.

இரண்டு றெசின், இரண்டு குணம்

றெசின் எமக்குப் புதியதன்று. குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பஞ்சில் தோய்த்துப் பலகைத் தோணியின் இடுக்குகளை அடைத்தவர்கள் எமது முன்னோர். குங்கிலியமும் ஒரு றெசின்தான், மரத்தின் பால். இன்றைய றெசின்கள் தொழிற்சாலையிற் செய்யப்படுபவை. கண்ணாடி நாரைத் துணியாகவோ பாயாகவோ விரித்து, றெசினில் ஊறவைத்து இறுக விட்டால், அதுவே பைபர். இந்தத் தொழில் எமது மக்களுக்கு அந்நியமானதுமன்று. நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் இயங்கிய சீநோர் படகுத்துறையில் எமது இளைஞர்கள் பைபர் படகுகளைத் தம் கையாற் கட்டினார்கள்.

தோணி கட்டுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது பொலியெஸ்ரர் றெசின். விலை குறைவு, மூக்கைத் துளைக்கும் மணம் உள்ளது. அதனை இறுக வைக்க ஒரு தூண்டு திரவத்தைச் சேர்ப்பார்கள். ஒரு கிலோ றெசினுக்கு ஏறத்தாழ 10 தொடக்கம் 20 மில்லிலீற்றர் போதும். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப இந்த அளவைச் சிறிது கூட்டிக் குறைக்கலாம்.

இபொக்சி அப்படியன்று. கடைகளில் அரல்டைற் என்ற பெயரில் இரண்டு குழாய்களாகக் கிடைப்பது இதன் ஒரு வகைதான். இதிலே ஹாட்னர் வெறும் தூண்டு திரவமன்று. அது றெசினோடு சேர்ந்து தானும் உடம்பாகி விடும். ஆகவே அளவு பிசகக் கூடாது. சிலவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்று. சிலவற்றுக்கு இரண்டுக்கு ஒன்று. சிலவற்றுக்கு ஐந்துக்கு ஒன்று. ரின்னில் எழுதியிருப்பதே சட்டம். அது நிறையளவா கனவளவா என்பதையும் வாசிக்க வேண்டும். ஹாட்னரைக் கூட்டினால் விரைவாக இறுகும் என்பது பொய். கூட்டினாலும் குறைத்தாலும் அது முழுமையாக இறுகாது, மெதுமெதுப்பாகவே கிடக்கும்.

எம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பூச்சிமருந்து அடிக்கும்போது, போத்தலில் எழுதிய அளவுக்கு மேலே ஒரு மூடி கூட விடுவோம். பூச்சி கூடச் சாகும் என்று எண்ணுவோம். மண்ணுக்கும் உடம்புக்கும் அது செய்த கேட்டை இன்று அனுபவிக்கின்றோம். இபொக்சி இந்தப் பழக்கத்தை உடனே தண்டிக்கும் பொருள்.

அப்படியானால் ஏன் இபொக்சி? ஒட்டும் வலிமைதான் காரணம். பழைய பைபரில், மரத்தில், உலோகத்தில் பொலியெஸ்ரரிலும் பார்க்க இது நன்றாகப் பிடிக்கும். இறுகும்போது சுருங்குவதும் மிகக் குறைவு. துடுப்பு ஒவ்வொரு வலிப்பிலும் வளைந்து நிமிர்கின்றது. ஒட்டு அந்த இழுவையைத் தாங்க வேண்டும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: பொலியெஸ்ரரின் மேல் இபொக்சி ஒட்டும், இபொக்சியின் மேல் பொலியெஸ்ரர் நன்றாக ஒட்டாது. இபொக்சியால் திருத்திய இடத்தைப் பின்னரும் இபொக்சியால்தான் திருத்த வேண்டும்.

வரம்பு கட்டத் தெரிந்தவனுக்குத் துடுப்பு ஒட்டத் தெரியும்

"நாங்கள் கமக்காரர், இது ஆசாரி வேலை" என்று சொல்வோருக்கு ஒன்று கேட்கின்றேன். வரம்பு உடைத்தால் எப்படிக் கட்டுவீர்கள்? உடைத்த வாயில் மண்ணைக் கொட்டி மூடுவீர்களா? மூடினால் அடுத்த நீருக்கே போய்விடும். இரண்டு பக்கத்திலும் நல்ல மண் தெரியும்வரை வெட்டி, சரிவாக்கி, புது மண்ணைப் படை படையாக இட்டு மிதிப்பீர்கள். பைபர் ஒட்டுவதும் அதுவேதான்.

முதலில், உப்பும் சேறும் போக நல்ல தண்ணீரிற் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலிற் காயவிட வேண்டும். ஈரமான பைபரில் எதுவும் ஒட்டாது.

இரண்டாவதாக, முறிவைச் சுற்றி நாணயத்தாற் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று கேட்கும்; உள்ளே படை பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும். வெளிறி உதிர்ந்த நாரையெல்லாம் நல்ல பகுதி வரும்வரை வெட்டி நீக்க வேண்டும்.

மூன்றாவதாக, இரு பக்கமும் சரிவாக அரத்தாளால் தேய்க்க வேண்டும். சரிவின் நீளம் பைபரின் தடிப்பைப் போல ஏறக்குறைய 12 மடங்கு இருப்பது நல்லது. தடிப்பு 2 மில்லிமீற்றர் என்றால், ஒவ்வொரு பக்கமும் 24 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம். பழைய பெயின்றின் மேலும் பளபளக்கும் மேற்பூச்சின் மேலும் ஒட்டக் கூடாது. தேய்த்த பின் சுத்தமான துணியால், கிடைத்தால் அசற்றோன் தொட்டு, துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் தங்கி ஒட்டைக் கெடுக்கும்.

நான்காவதாக, தண்டு உள்ளீடற்ற குழாயாயின், உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஒரு காய்ந்த மரத்தண்டையோ பைபர்க் குழாயையோ செருக வேண்டும். முறிவின் ஒவ்வொரு பக்கத்திலும் குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது அது உள்ளே நிற்கட்டும். உள்ளே எலும்பில்லாமல் வெளியே கட்டுப்போட்டுப் பயனில்லை.

ஐந்தாவதாக, கலவை. ஊசியில்லாத இரண்டு சிறிஞ்சுகளை வாங்கி, ஒன்றை றெசினுக்கும் மற்றதை ஹாட்னருக்கும் என்று குறித்து வைத்தால், சிறிய அளவையும் பிசகில்லாமல் எடுக்கலாம். இரண்டு மூன்று நிமிடம், அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஒரே தடவையிற் பெருமளவு கலக்கக் கூடாது. கோப்பையிற் குவிந்து கிடக்கும் இபொக்சி தன் சூட்டாலேயே கொதித்துப் புகையும். அகன்ற தட்டிற் பரப்பி வைத்தால் சற்று நேரம் கூடக் கிடைக்கும். எமது வெயிலில் பகல் 12 மணிக்கு இந்த வேலையைத் தொடங்குபவன், தூரிகையோடு சேர்த்துக் கோப்பையையும் எறிய வேண்டியிருக்கும். விடியற்காலையே தகுந்த நேரம்.

ஆறாவதாக, முதலில் வெறும் கலவையைப் பூசி ஊறவிட வேண்டும். பின்பு, நன்றாகக் காய்ந்து அரித்தெடுத்த மென்மையான மரத்தூளைக் கலவையிற் சேர்த்துக் களியாக்கி, பள்ளங்களை நிரப்ப வேண்டும். அதன் மேல் நெய்த கண்ணாடித் துணியைப் படையாகச் சுற்ற வேண்டும்; ஒவ்வொரு படையும் கீழே உள்ளதைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். தோணிக்குப் போடும் நறுக்கு நார்ப் பாய் இதற்கு ஏற்றதன்று. அந்தப் பாயைப் பிணைத்திருக்கும் பசை பொலியெஸ்ரரிற் கரைவதற்கென்று செய்யப்பட்டது. இபொக்சியில் அது சரியாக ஊறாது.

இங்கே ஒரு முக்கிய விடயம். வலிமை நாரில் இருக்கின்றது. றெசின் அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கின்றது. கொங்கிறீற் வளையில் கம்பியை நீளவாக்கில்தானே போடுகின்றோம்? அதேபோல் துடுப்புத் தண்டிலும் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போடுவது போலக் குறுக்கே மட்டும் சுற்றினால், வளையும்போது ஒட்டு வாய் பிளக்கும். முதலில் நீளவாக்கு, பின்பு சுற்று. மேலதிக றெசினைத் தூரிகையால் வழித்து, காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி விட்டால் வேலை முடிந்தது.

ஒரு நாள் அசைக்கக் கூடாது. ஈரக்காற்றுள்ள இடத்தில் மேலே மெழுகு போன்ற படலம் படியும். அதனைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பின்பே அடுத்த பூச்சு அல்லது பெயின்ற். இபொக்சியை வெயில் நாளடைவில் அரிக்கும். ஆகவே பெயின்ற் கட்டாயம். முழுப் பலம் வர ஒரு கிழமை விடுங்கள். அதன் பிறகும் நேரே ஆற்றுக்குப் போகாதீர்கள். இரண்டு கட்டைகளுக்கு மேலே துடுப்பைக் குறுக்கே வைத்து, நடுவே ஒரு பெரிய ஆள் கையூன்றி அழுத்திப் பாருங்கள். முறிவதானால் முற்றத்தில் முறியட்டும்.

கையையும் நெஞ்சையும் காப்பாற்றுங்கள்

எமது மக்கள் பொருளுக்குக் கொடுக்கும் மதிப்பைத் தமது உடம்புக்குக் கொடுப்பதில்லை. இறுகாத இபொக்சி தோலிற் பட்டுக்கொண்டே இருந்தால், ஒரு நாள் சொறியும் தடிப்பும் வரும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தவருக்கு அது ஆயுளுக்கும் விடாது; பிறகு சிறிது பட்டாலும் கை வீங்கும். இறப்பர்க் கையுறை போடாமல் தொடாதீர்கள். கையிற் பட்டால் தின்னராலோ அசற்றோனாலோ கழுவாதீர்கள். அவை பசையைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். பைபரைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மூக்கையும் வாயையும் மூடுங்கள். நீளக்கைச் சட்டை போடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அந்த இடத்தில் நிற்க வேண்டாம். ஹாட்னரைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

விலை கூட அல்லவா?

நியாயமான கேள்வி. இபொக்சி பொலியெஸ்ரரிலும் பார்க்க விலை கூடியது. ஒரு குடும்பம் ஒரு துடுப்புக்காக ஒரு ரின் வாங்குவது கட்டாது. திறந்த ரின்னைக் கவனமாக மூடி வைக்காவிட்டால் மிச்சமும் வீணாகும்.

இதற்கு விடை எம்மிடம் ஏற்கெனவே உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று ஊருக்குப் பல சங்கங்கள் இருக்கின்றன. ஊருக்கொரு பழுதுபார்க்கும் பெட்டியை அவற்றில் ஒன்று வைத்திருக்கட்டும். றெசின், ஹாட்னர், கண்ணாடித் துணி, கையுறை, முகமூடி, அரத்தாள், இரண்டு சிறிஞ்ச். திருத்துபவர் பாவித்த அளவுக்குப் பணம் கட்டட்டும். அந்தப் பணத்தில் அடுத்த ரின் வரட்டும். விதைநெல்லைச் சுழற்சிக் கடனாகக் கொடுத்து வாங்கத் தெரிந்த சங்கங்களுக்கு இது கடினமன்று.

எல்லாவற்றுக்கும் இபொக்சி வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தோணியின் வயிற்றில் பெரிய ஓட்டை என்றால், பொலியெஸ்ரரும் நார்ப் பாயும் நன்றாகத் தேய்த்த பரப்பின் மேல் போதுமானவை; செலவும் குறையும். நல்ல மரமும் ஆசாரியும் ஊரில் இருந்தால், புதிய மரத்துடுப்பு செய்வதே சிறந்தது. தண்டு மூன்று நாலு இடத்தில் நொறுங்கியிருந்தால் அதைக் கைவிடுங்கள். எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது என்று தெரிவதும் தொழிலின் பாதிதான்.

கொடுப்போருக்கு ஒரு வார்த்தை

இனிக் கொடுப்போருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுகின்றேன். திருச்சபையின் நிறுவனங்களும் இதிற் சேர்த்தி.

ஆழிப்பேரலைக்குப் பின் சில இடங்களில் தேவைக்கு மேலாகச் சிறு படகுகள் கொடுக்கப்பட்டதும், அவசரத்திற் கட்டப்பட்டவற்றிற் பல தரம் குறைந்தனவாக இருந்ததும் பின்னர் பலராலும் எழுதப்பட்டவை. எண்ணிக்கை காட்டுவது இலகு. நூறு தோணி கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதலாம், படமும் பிடிக்கலாம். ஐந்து ஆண்டின் பின் அவற்றில் எத்தனை மிதக்கின்றன என்று எண்ணுவதற்கு எவரும் வருவதில்லை. டித்வாப் புயலுக்குப் பின்னும் மீண்டும் உதவிகள் வருகின்ற காலம் இது. ஆகவே கேட்கின்றோம்: பத்துத் தோணி கொடுக்க வந்தால் ஒன்பதைத் தாருங்கள். பத்தாவது தோணியின் பணத்தில் ஒரு பழுதுபார்க்கும் பெட்டியையும், நாலு இளைஞருக்கும் நாலு பெண்களுக்கும் ஒரு கிழமைப் பயிற்சியையும் தாருங்கள். துணியை அளந்து வெட்டுவதிலும், கலவையை அளவு பிசகாமல் எடுப்பதிலும் தையல் தெரிந்த எமது பெண்களின் கை தேர்ந்த கை. தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் ரின்னோடு சேர்த்துத் தாருங்கள். எழுதியிருப்பதே சட்டம் என்றேன். அது வாசிக்க முடியாத மொழியில் எழுதியிருந்தால் சட்டத்தை எப்படிக் காப்பது?

எமது கொட்டியாரக் குடாவுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1659 நவம்பரில் புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காக வந்து ஒதுங்கிய இடம் இதுதான். அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்ற இளைஞர் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டு, 19 ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் தடுத்து வைக்கப்பட்டார். அவரும் ஊரை இழந்தவர். தொப்பி பின்னியும் சிறிது சிறிதாகப் பண்டம் விற்றும் தம் கையால் உழைத்துச் சீவித்தார். கடைசியில் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தார். பழுது பார்க்கக் கப்பல்கள் தேடி வந்த கரையில் வாழும் நாம், ஒரு துடுப்பை ஒட்ட முடியாதவர்கள் என்று சொல்லலாமா?

யேசு தமது முதற் சீடர்களை அழைத்தபோது, செபதேயுவின் மக்கள் படகிலே வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நற்செய்தி கூறுகின்றது. புது வலை வரும்வரை காத்திருந்தவர்களாக அவர்கள் காணப்படவில்லை. கிழிந்ததைக் கையில் எடுத்தவர்களாகவே காணப்பட்டார்கள். எம்மில் எந்த மதத்தவராயினும் இதனைச் சிந்திக்கலாம்.

இடம்பெயர்வு எமது வீட்டை எடுத்தது, மாட்டை எடுத்தது, விதைநெல்லை எடுத்தது. அவற்றையெல்லாம் மெல்ல மெல்ல மீட்டு வருகின்றோம். அதனோடு அது எடுத்துச் சென்ற இன்னொன்றும் உண்டு. உடைந்ததைப் பார்த்தவுடன் "கொண்டுவா, பார்ப்போம்" என்று சொல்லும் பழைய வாயை அது எடுத்துவிட்டது. அதனை எந்த நிறுவனமும் லொறியில் ஏற்றி வந்து தர முடியாது.

ஐப்பசி மழைக்கு முன்னே ஒரு நாளை ஊராகக் குறியுங்கள். குளக்கட்டுக்குச் சிரமதானம் செய்வது போலவே, அந்த நாளில் ஒவ்வொரு வளவிலும் கவிழ்ந்து கிடக்கும் தோணியை நிமிர்த்துங்கள். கோடியிற் சாத்தியிருக்கும் துடுப்பை எடுத்து, நாணயத்தாற் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்கும் இடத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம்.